கண்ணைத் திறந்து ஜெபிக்கிறவர்கள்

2013 கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு எங்கள் ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஆராதனை. நான் சைகை மொழி கற்க ஆரம்பித்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, தைரியம் மட்டும் ஏழு வருஷத்துக்கு உண்டானது இருந்தது. பாளையங்கோட்டையைச் சுற்றியிருந்த காது கேளாதோர் குடும்பங்களுக்குத் தெரிந்த வழியிலெல்லாம் சொல்லிவிட்டு அழைத்ததில் பதினொரு பேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்" என்று குருவானவர் வாசித்து முடிக்கவும், கோயில்பிள்ளை மெயின் சுவிட்சை அணைக்கவும் சரியாக இருந்தது. இருநூறு முந்நூறு மெழுகுவர்த்தி, அத்தனை முகத்திலும் மஞ்சள் வெளிச்சம். பார்க்க அழகுதான். அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் என் கையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. ஆளுக்கொரு மெழுகுவர்த்தியை வேறு கையில் கொடுத்திருந்தோம், அதனால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசவும் வழியில்லை. கிட்டத்தட்ட அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கு வந்ததும் அவர்களில் மூத்தவர் ஒருவர் (அண்ணன் என்றே சொல்கிறேன், நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்) என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கரண்ட் கட்டா? இவ்வளவு பெரிய கோயிலில் ஜெனரேட்டர் இல்லையா?"

இல்லை அண்ணே, வேண்டுமென்றேதான் அணைத்தோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமாம், கரண்ட் கட் என்று சொல்லிவிட்டேன். ஊழியத்தில் என் முதல் பொய்.

இதை எழுதக் காரணம், அண்மையில் இரண்டு மூன்று பேர் "எங்கள் சபையிலும் காது கேளாதோர் ஊழியம் ஆரம்பிக்கப் போகிறோம், என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். என்ன செய்யணும் என்று கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும். என்ன செய்யக் கூடாது என்பது பத்து வருஷத்துக்கு மேல் செய்து பார்த்ததில் நன்றாகவே தெரியும்.

நான் ஊழியக்காரன் இல்லை. மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். அங்கே பார்சல் கட்டும் தம்பிக்குக் காது கேட்காது, துண்டுச் சீட்டில் எழுதித்தான் பேசுவோம். "நாளை லீவு அம்மா ஆஸ்பத்திரி நான் கூட போ" என்று எழுதுவான். அதைப் படித்துவிட்டு இவன் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டான் போல என்று நினைத்தேன். பிளஸ் டூ முடித்தவன். தமிழ் அவனுக்கு அம்மா மடியில் கிடைத்த மொழி இல்லை என்பது எனக்கு உறைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று. காதில் விழாத ஒரு மொழியின் வேற்றுமை உருபையும் வினைமுற்றையும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு படித்தவன் அவன். நாம் யாராவது ஜப்பானிய மொழியைச் சத்தமே கேட்காமல் புத்தகத்தை மட்டும் வைத்துப் படித்தால் எப்படி எழுதுவோமோ, அப்படி.

அவனிடம்தான் கற்க ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய வேலை செய்திருந்தேன்: யூடியூபில் எழுத்துகளைக் காட்டும் வீடியோவைப் பார்த்து ஒரு மாதம் மனப்பாடம் செய்து, அவன் முன்னால் போய் நின்று பெருமையாக என் பெயரை ஒற்றைக் கையால் எழுதிக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அது அமெரிக்க முறை. இங்கே ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் காட்டுவார்கள், பிரிட்டனிலிருந்து வந்த வழக்கம் அது. சைகை மொழி உலகமெங்கும் ஒன்று என்று நினைப்பவர்கள் நம்மில் எக்கச்சக்கம். அமெரிக்க சைகை மொழிக்கும் பிரிட்டிஷ் சைகை மொழிக்கும் ஒட்டு உறவு கிடையாது, இரண்டு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம் என்றாலும். இந்திய சைகை மொழி வேறு, அதற்குள்ளும் ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சொல் மாறும். பாளையங்கோட்டையில் படித்தவரும் சென்னையில் படித்தவரும் சந்தித்தால் முதல் பத்து நிமிஷம் "இதற்கு நீங்க என்ன போடுவீங்க?" என்பதுதான் பேச்சே.

எனக்குச் சைகைப் பெயரும் அந்தத் தம்பிதான் வைத்தான். நெற்றியை மணிக்கட்டால் வழித்து உதறுவது. முதல் நாள் அவர்கள் கூட்டத்தில் நான் வியர்த்துக்கொட்டி நின்ற கோலம். பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாது, அவர்கள் வைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கற்பதற்கு இன்றைக்கு எவ்வளவோ வசதி வந்துவிட்டது. டெல்லியில் 2015-இல் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கினார்கள். அவர்கள் 2018-இல் மூவாயிரம் சொற்களோடு வெளியிட்ட காணொளி அகராதி 2021-இல் பத்தாயிரம் சொற்களாக வளர்ந்துவிட்டது. கோவையில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி நிறுவனத்தாரும் இணையத்தில் சைகை அகராதி வைத்திருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் பயிற்சியும் தருகிறார்கள். இதெல்லாம் இருக்கட்டும். காது கேளாதவர்களோடு டீக்கடையில் உட்காராமல் இந்த மொழி வராது. சொல்லைக் கையால் போட்டுவிடலாம், இலக்கணம் முகத்தில் இருக்கிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி, தலை ஆடினால் இல்லை, கன்னம் உப்பினால் பெரியது. இறுகிய முகத்தோடு சைகை போடுகிறவனைப் பார்ப்பது அவர்களுக்கு ஒரே சுருதியில் ரயில் அறிவிப்பு கேட்கிற மாதிரி இருக்குமாம். உவமை என்னுடையதுதான், அவர்கள் சொன்னது "உன் முகம் செத்துப்போச்சு" என்று.

தமிழனுக்கு இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. இந்திய சைகை மொழியிலும் பெரும்பாலும் வினை கடைசியில்தான் வரும், என்ன, எங்கே என்ற கேள்விச்சொல்லும் கடைசிக்குப் போகும். அடடா, நம் மொழி மாதிரியே இருக்கிறதே என்று தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் போட ஆரம்பித்துவிடுவோம். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் போட்டேன். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். தலையாட்டுவதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் புரியாமலேயே தலையாட்டிப் பழகினவர்கள் அவர்கள். எங்களுக்குள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: புரிந்ததா என்று கேட்பதில்லை, "நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கிறோம். முதல் முறை அப்படிக் கேட்டபோது வந்த பதில்கள் என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை.

பரிசுத்த ஆவி. தமிழில் ஆவி என்றால் என்ன? இட்லிப் பானையில் வருவதும் ஆவி, புளியமரத்தில் இருப்பதும் ஆவி. எழுத்துத் தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒருவர் ஐந்து வருஷமாகப் பரிசுத்த ஆவியை "சுத்தமான பேய்" என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், ஏன் இவர்கள் பேயைக் கூப்பிட்டுப் பாடுகிறார்கள் என்று கேட்கக் கூச்சம். இயேசுவுக்கு வேதம் சொல்லும் பெயரான தேவ ஆட்டுக்குட்டியை நான் அப்படியே ஆடு, குட்டி என்று போட்டதில், இயேசுவுக்கு ஆட்டுக்கறி பிடிக்கும் என்று ஒருவர் முடிவு செய்திருந்தார். அப்புறம் அந்தக் குழந்தை. இயேசுவுக்கு உரிய சைகை, நடுவிரலால் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறித் தொடுவது, ஆணித் தழும்பு. கிறிஸ்மஸ் கதையில் தொழுவத்தில் கிடக்கும் பாலகனுக்கும் அதையே போட்டேன். ஒரு எட்டு வயதுப் பெண்பிள்ளை பதறிப்போய் எழுந்து கேட்டாள்: "பிறந்த உடனேயே ஆணி அடிச்சிட்டாங்களா?"

பாளையங்கோட்டையில் இந்தச் சங்கதிகளுக்கு வயது அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மா இங்கே காது கேளாத பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பம்பாயில் 1880-களில் நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கியவரும் லியோ மூரின் என்ற கத்தோலிக்க ஆயர்தான். ஆக, பள்ளி கட்டியதில் திருச்சபைக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் 1880-இல் மிலானில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாதோருக்கு வாயசைவும் பேச்சுமே போதும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்க எத்தனையோ பள்ளிகளில் அதன் நிழல் விழுந்தது. அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010-இல் வான்கூவரில் கூடியபோதுதான் அதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். எங்கள் அண்ணன் வேறொரு ஊரில் படித்தவர். வகுப்பில் கையைத் தூக்கினால் பிரம்படி, ராத்திரி விடுதியில் விளக்கணைக்கும் வரைக்கும் மாறி மாறிச் சைகை என்று சொல்வார். அவருடைய மொழி அந்த விடுதியில் வளர்ந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காதில் மெஷினை மாட்டிக்கொண்டு கை அசைக்காமல் இரு என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்களிடம் போய் நாம் திடீரென்று "உங்கள் மொழியில் ஆண்டவரைத் துதியுங்கள்" என்றால் அவர்களுக்கு உடனே நம்பிக்கை வராது. காத்திருக்க வேண்டும்.

வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: சங்கீதம் 23-இன் முதல் வசனத்தைப் பாருங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." நமக்குத் தொட்டில் பழக்கம். பார்சல் கட்டும் தம்பிக்கு அதை வாசிக்கக் கொடுத்தேன். யோசித்துவிட்டு, "மேய்ப்பர் இருக்கிறார், ஆனாலும் நான் தாழ்ந்து போவேன்" என்றான். எதிர்மறை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், 'வே' வர வேண்டிய இடத்தில் நிற்கும் அந்த ஒற்றை 'யே'யில் இருக்கிறது. அடைவேனுக்கும் அடையேனுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம், அதைப் பேச்சில் கேட்டு வளராதவனுக்கு அது கண்ணிலேயே படாது. சைகை மொழியில் "இல்லை" கடைசியில் வரும், கூடவே தலையும் ஆடும், தவறவிட முடியாது. ஆங்கிலத்தில் ஈஸி டு ரீட் வெர்ஷன் என்ற எளிய மொழிபெயர்ப்பே முதலில் காது கேளாதோருக்காகச் செய்ததிலிருந்து வளர்ந்ததுதான், அந்த வரிசையில் தமிழிலும் ஒன்று இருக்கிறது, வாங்கிக் கொடுக்கலாம். ஆனாலும் அது எழுத்துதான்.

இன்னொரு வசனம்தான் எங்கள் கூட்டத்தின் போக்கையே மாற்றியது. "விசுவாசம் கேள்வியினால் வரும்." ரோமர் 10:17. கேள்வி என்றால் அங்கே காதால் கேட்பது. இந்த வசனத்தை வைத்துக்கொண்டு, காது கேளாதவனுக்கு விசுவாசம் எப்படி வரும் என்று சந்தேகப்பட்டவர்கள் சபை வரலாற்றில் உண்டு. அண்ணன் இதை வாசித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து என்னிடம் வந்தார். "பைபிளே சொல்கிறது, கேள்வி கேட்டால்தான் விசுவாசம் வரும். நீங்க ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்றீங்க, எங்களைக் கேள்வி கேட்க விடுவதில்லை."

நான் அவரைத் திருத்தவில்லை. (பின்னால் ஒரு நாள் சொன்னேன், அவர் "நான் சொல்ற அர்த்தமே நல்லா இருக்கு" என்றுவிட்டார்.) அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் கதை பத்து நிமிஷம், கேள்வி ஒரு மணி நேரம். என்னென்ன கேள்விகள்! லூக்கா முதல் அதிகாரத்தில் சகரியா பேச முடியாமல் இருந்தபோது, குழந்தைக்கு என்ன பெயர் வைக்க என்று உறவுக்காரர்கள் அவனிடம் சைகையினால் கேட்டார்கள் என்று இருக்கிறது. "வாய்தானே போனது? காது கேட்குமென்றால் ஏன் சைகையால் கேட்டார்கள்? அப்படியானால் அவனுக்குக் காதும் கேட்கவில்லை!" என்று ஒரு அம்மா எழுந்து சொன்னார். ஞாயிறு பள்ளியிலிருந்து நாற்பது வருஷமாக அந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன், எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. குருவானவரிடம் போய்க் கேட்டேன். புத்தகங்களைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா சொல்வது போலவே உரை எழுதியவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

சரி, ஆலயத்துக்குள் செய்ய வேண்டிய சின்னச் சின்ன ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்பவர் ஜன்னலுக்கு முன்னால் நிற்கக் கூடாது, பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் கருப்பாகிவிடும். பிரசங்கியாருக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், தூணுக்குப் பின்னால் தனியாக ஒரு மூலை ஒதுக்குவது வேண்டாம். பூப்போட்ட சட்டை, ஜரிகைச் சேலை, கை நிறைய வளையல் எல்லாம் கண்ணை உறுத்தும். உடுப்பு கை நிறத்துக்கு மாறான ஒரே நிறமாக இருக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரே ஆள் போட்டால் கை ஓடும், மூளை நின்றுவிடும், ஆகவே இரண்டு பேர் வேண்டும். பாட்டுகளின் பட்டியலைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். கீர்த்தனையில் வரும் சந்தத் தமிழை அந்த நிமிஷத்தில் மொழிபெயர்க்க எந்தக் கொம்பனாலும் முடியாது. நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போது அவர்கள் குனிந்திருப்பார்கள், குருவானவர் வாயால் சொல்லிக்கொண்டே போய்விடுவார், ஒன்றும் தெரியாது. எங்கள் குருவானவர் இப்போது ஒரு விநாடி நின்று, அவர்கள் நிமிர்ந்து பார்த்த பிறகு, தானே கற்றுக்கொண்ட நாலு சைகையில் சொல்லிக் கொடுக்கிறார்.

அப்புறம், "கண்களை மூடி ஜெபிப்போம்." இதை நான் பக்தியோடு மொழிபெயர்த்து, எல்லாரும் கண்ணை மூடிய பிறகு ஜெபத்தை யாருக்குப் போடுவது என்று விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர்கள் கண்ணைத் திறந்துதான் ஜெபிப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே. முதல் முறை பார்த்த நம் ஆட்களுக்கு அது அவபக்தியாகத் தெரிந்தது. ஒரு பாட்டி, "ஜெபத்துல பராக்கு பாத்துக்கிட்டு இருக்காவ பாருங்க" என்று என்னிடமே புகார் சொன்னார்.

இதெல்லாம் சரி செய்யக்கூடிய தப்புகள். இனி சொல்லப் போவது அந்த ரகம் இல்லை.

ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்கு எங்கள் ஆட்கள் ஏழு பேரை அழைத்துப் போயிருந்தேன். எந்தக் கூட்டம், யார் பிரசங்கியார் என்பதெல்லாம் வேண்டாம். பாதியில் அவர் எங்களைப் பார்த்துவிட்டு ஏழு பேரையும் மேடைக்கு வரச் சொன்னார். காதில் விரலை விட்டு, காது கேளாத ஒருவனிடம் இயேசு சொன்ன "எப்பத்தா" (திறக்கப்படுவாயாக) என்ற வார்த்தையைக் கத்தினார். மூன்று முறை. மைக்கை வாயருகே வைத்து "அல்லேலூயா சொல்லு" என்றார். ஒருவர் பள்ளியில் பேச்சுப் பயிற்சி எடுத்தவர், "அல்ல" என்று ஏதோ சத்தம் எழுப்பினார், கூட்டம் ஆர்ப்பரித்தது. மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்து இறங்கினார்கள். நான் மேடையில் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன், தடுக்கவில்லை. வரும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. மாற்கு 7-இல் காது கேளாத அந்த மனிதனை இயேசு முதலில் ஜனக்கூட்டத்திலிருந்து தனியே அழைத்துக்கொண்டு போனார் என்றே எழுதியிருக்கிறது, மேடை ஏற்றவில்லை. காதைத் தொட்டு, நாவைத் தொட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்து, அதாவது அந்த மனிதனுக்குப் புரியும் விதத்தில், கண்ணால் பார்க்கும் விதத்தில் பேசினார். சுகத்துக்காக ஜெபியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயிற்றுவலிக்கும் வேலைக்கும் ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்பார்கள். காதுக்கு ஜெபிக்கச் சொல்லி இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டவர் ஒரே ஒருவர்.

அடுத்தது முழுக்க முழுக்க என் தப்பு. மொழிபெயர்ப்பாளன் என்று தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையோடு வேலை முடியாது. ஆஸ்பத்திரி, வங்கி, போலீஸ் ஸ்டேஷன், பெண் பார்க்கும் வீடு, எங்கும் கூப்பிடுவார்கள். ஒரு தங்கச்சியோடு (மணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை) டாக்டரிடம் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு மொழிபெயர்க்கப் போனேன். அந்த வாரம் ஜெபக்குழுவில், பெயரைச் சொல்லாமல், "நம் காது கேளாத சகோதரி ஒருவருக்குக் கர்ப்பத்தின் கனிக்காக" என்று விண்ணப்பம் வைத்தேன். பெயரைச் சொல்லவில்லை என்ற நினைப்பு எனக்கு. எங்கள் சபையில் அந்த வயதில் இருந்த காது கேளாத சகோதரிகள் மொத்தம் இரண்டு பேர். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் நாலு பெண்கள் அவளுடைய வயிற்றைத் தொட்டுக் காட்டி, மேலே கையைக் காட்டி, ஆறுதல் சொன்னார்களாம். அவளுக்குக் காது கேட்காது, யார் சொன்னது என்பது மட்டும் உடனே தெரிந்துவிட்டது. எட்டு மாதம் அவளும் கணவனும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டபோது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "என் அம்மாவுக்கே தெரியாதது உனக்குத் தெரியும். என் கையில் வேறு வழியில்லை."

மொழிபெயர்க்கப் போன இடத்தில் பார்த்தது, கேட்டது எதுவும் ஜெப விண்ணப்பமாகக்கூட வெளியே வரக் கூடாது. மனைவியிடமும் இல்லை. தேவைப்பட்டால் அவர்களே சொல்லட்டும்.

பொருள் கொடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு, முஸ்லிம் வாலிபர் ஒருவர் உண்டு. பலர் வருவது இயேசுவுக்காக இல்லை, பேசுவதற்காக. வீட்டில் ஆறு பேர் இருந்தும் ஒருவருக்கும் சைகை தெரியாது; காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள், சாப்பிட்டாயா, தூங்கு, அடிப்பேன் என்ற மூன்றுக்கு மேல் வீட்டில் பேச்சு இருக்காது. வாரம் முழுக்க வாய்கட்டிக் கிடந்தவன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பேசித் தீர்க்கிறான். அந்தப் பசியைத் தூண்டிலாக்குவது பாவம் என்று நான் நினைக்கிறேன், இதில் என்னோடு சண்டை போடும் ஊழியக்காரர்கள் இருக்கிறார்கள். போடட்டும். அரிசி மூட்டை, தையல் மெஷின் எதையும் கூட்டத்தோடு சேர்த்துக் கொடுப்பதில்லை. பதினெட்டு வயதாகாத பிள்ளை வந்தால் பெற்றோரிடம் பேசாமல் உட்கார வைப்பதில்லை. ஞானஸ்நானம் கேட்டால் அவர்கள் மொழியிலேயே, நான் இல்லாமல், அண்ணன்மார் இரண்டு பேரோடு மாதக்கணக்கில் பேச வேண்டும். எனக்கு மரியாதை கொடுத்துத் தலையாட்டுகிறவர்கள் அவர்களிடம் தலையாட்டுவதில்லை.

அந்த அண்ணன்மாரிடம் கூட்டத்தை விட்டது எப்படி என்றால், நானாக விடவில்லை. 2016 கடைசியில் ஜியோ வந்தது. அதுவரை குறுஞ்செய்தியில் தட்டுத்தடுமாறித் தமிழ் எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரே மாதத்தில் வீடியோ காலுக்கு மாறினார்கள். பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து இரண்டு கையாலும் பேச்சு. வாட்ஸாப் குழுவில் அண்ணனே ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு நிமிஷம் வசனம் சொல்லி வீடியோ போட ஆரம்பித்தார். ஒரு மாதம் கழித்துப் பார்க்கிறேன், என் ஞாயிற்றுக்கிழமை மொழிபெயர்ப்பைப் பார்க்க ஆறு பேர், அவருடைய வீடியோவுக்குத் தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று நூறு பேருக்கு மேல். முதலில் எரிச்சலாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு இடத்தில் சவுலையும் பவுலையும் இரண்டு ஆட்களாக்கிவிட்டார், அதைப் பிடித்துக்கொண்டு "சரிபார்க்காமல் போடாதீர்கள்" என்று நான் உபதேசம் வேறு செய்தேன். அவர் கேட்டார்: "நீ ஆட்டுக்குட்டி போட்டபோது யார் சரிபார்த்தது?"

அந்த நாட்களில்தான் அவர் இன்னொன்றும் கேட்டார், காது கேளாத மிஷனரி யாராவது உண்டா என்று. தேடிப் படித்துச் சொன்னேன். ஆண்ட்ரூ ஃபாஸ்டர், அமெரிக்கக் கறுப்பினத்தவர், பதினொரு வயதில் மூளைக்காய்ச்சலில் காது போயிற்று. காது கேளாதோருக்கான கல்லூடெட் கல்லூரியில் 1954-இல் பட்டம் பெற்றார், அங்கே இளங்கலை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1957-இல் கானாவில் ஆரம்பித்து ஆப்பிரிக்காவில் 13 நாடுகளில் 32 பள்ளிகள் தொடங்கினார், 1987-இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறந்தார். அண்ணன் "முப்பத்திரண்டா?" என்று எண்ணை இரண்டு முறை திருப்பிப் போட்டுக் கேட்டார். அந்த வாரம் கூட்டத்தில் அவரே அந்தக் கதையைச் சொன்னார், மூளைக்காய்ச்சல் வந்த பையன் காலையில் எழுந்து அம்மாவின் வாய் அசைவதை மட்டும் பார்க்கும் இடத்தில் எல்லாரும் அழுதார்கள். அந்த இடம் நான் சொன்னதில் இல்லை. அவர்களில் பாதிப்பேருக்கு அது சொந்தக் கதை.

கொரோனா காலத்தில் முகக்கவசம் பாதி இலக்கணத்தை மூடிவிட்டது, கூட்டம் முழுக்கத் திரைக்குப் போயிற்று. திரும்பி வந்தபோது நடத்துகிறவர்கள் அவர்களாகவே இருந்தார்கள், நான் பின்பெஞ்சுக்குப் போய்விட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் பொது ஆராதனையில் செய்தி கொடுக்கிறார், நான் மைக்கில் குரல் கொடுக்கிறேன். அவர் சிரிப்புக் கதை சொன்னால் முன்வரிசை முதலில் சிரிக்கும், மற்ற சபையார் நாலு விநாடி கழித்துச் சிரிப்பார்கள். அந்த நாலு விநாடியில் மற்றவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையை நான் ரசிக்கிறேன், இது நல்ல குணமா தெரியாது.

இப்போது சங்கீதம் 23-ஐ எங்கள் பகுதிச் சைகையில் வீடியோவாக எடுக்கிறார்கள். அமெரிக்கச் சைகை மொழியில் முழு வேதாகமமும் 2020-இல் முடிந்துவிட்டது, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான உழைப்பு. அந்தக் கணக்கைப் பார்த்தால் நாங்கள் ஆறு வசனத்தில் நிற்கிறோம். இதில் முக்கியமான ஆள் மானூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெரியவர். பள்ளிக்கே போகாதவர், நாற்பது வயது வரை ஆடு மேய்த்தவர், முறையான சைகையே எங்கள் கூட்டத்தில் வந்துதான் கற்றார். மேய்ப்பர் என்றதும் மற்றவர்கள் கம்பைத் தோளில் போட்டு முன்னால் நடக்கிற மாதிரி காட்டினார்கள். அவர் எழுந்து வந்து, கம்பைக் கக்கத்தில் இடுக்கி, பக்கவாட்டில் நடந்து, ஒரு கண் மந்தை மேல், ஒரு கண் ஓடை மேல் வைத்து, நொண்டுகிற குட்டியை எடுத்துத் தோளில் போட்டு, அது நனைத்த சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்து, மறுபடி நடந்தார். தாழ்ச்சியடையேன் என்ற இடத்தில் குட்டியாக மாறி, வாயில் புல்லோடு அவரை அண்ணாந்து பார்த்து, தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினார். எதுவும் குறையில்லை என்று. பார்சல் கட்டும் தம்பி என் தோளைத் தட்டி, "இப்போ புரியுது" என்றான்.

மூன்றாவது தடவை எடுத்ததை வெளியூர்க் குழுவுக்கு அனுப்பியிருந்தோம், முன்னே பின்னே அந்தச் சங்கீதம் தெரியாதவர்கள் பார்த்து என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு அம்மா பதில் வீடியோ அனுப்பியிருக்கிறார்: எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அமர்ந்த தண்ணீரண்டை ஆடு குடித்து முடிக்கும் முன்பே மேய்ப்பர் கிளம்பிவிட்டார், அவருக்கு அப்படி என்ன அவசரம்? பெரியவர் பார்த்துவிட்டு, அந்த அம்மா சொல்வது சரி, ஆடு தலையைத் தூக்கும் வரைக்கும் யாரும் நகர மாட்டார்கள் என்றார். வருகிற சனிக்கிழமை மறுபடியும் எடுக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை லைட்டைப் பிடிப்பது.